பெட்டைக் குட்டி பருவத்துக்கு வருமுன்

பெட்டைப் பூனைக்குட்டி வளர்ப்பவர்களுக்கு அக்கம்பக்கத்தில் தவறாமல் கிடைக்கும் ஆலோசனை ஒன்று உண்டு: “ஒரு தடவை குட்டி போடட்டும், அப்புறம் ஆபரேஷன் பண்ணிக்கலாம்.” கொஞ்சம் விவரம் தெரிந்தவர்கள் இதையே சுருக்கி, “ஒரு தடவை ஹீட் வந்து போகட்டும்” என்பார்கள். இரண்டும் பூனையின் மேலுள்ள பரிவில் பிறந்த பேச்சுதான். ஆனால் பூனையின் உடலைப் பற்றி இன்று தெரிந்திருப்பவை இந்தக் காத்திருப்புக்கு எதிராகவே நிற்கின்றன. பெட்டைக் குட்டிக்குக் கருத்தடை அறுவை செய்ய ஏற்ற காலம் முதல் பருவத்துக்கு முன்பே, 4 மாதம் முடிந்து 5 மாதம் நிறைவதற்குள் வந்துவிடுகிறது. அமெரிக்கக் கால்நடை மருத்துவச் சங்கம் 5 மாதத்துக்குள் செய்துவிட வேண்டும் என்ற பரிந்துரையை 2017இல் ஏற்றுக்கொண்டது. பிரிட்டனின் பூனை நல அமைப்புகள் 4 மாதம் என்று சொல்லிப் பல வருடங்களாகின்றன. நம் வீடுகளில் இன்னமும் 6 மாதம், 8 மாதம் என்று தள்ளிக்கொண்டே போகிறோம். அந்த இடைவெளியில்தான் எல்லாம் நடந்துவிடுகிறது.

இந்தத் தள்ளிப்போடல் குளிர்நாட்டைவிட நம் ஊரில் கூடுதல் ஆபத்தானது. அதற்குக் காரணம் வெயில். இன்னும் சரியாகச் சொன்னால், பகல் வெளிச்சம். பகல் நீளும்போது மூளையில் மெலடோனின் சுரப்பு குறைகிறது. அது குறைந்தால் சினைப்பைகளை இயக்கும் ஹார்மோன்கள் வேலையைத் தொடங்குகின்றன. லண்டனில் மிகக் குறுகிய பகலுக்கும் மிக நீண்ட பகலுக்கும் 8 மணி நேரத்துக்கு மேல் வித்தியாசம் இருப்பதால், அங்கே குளிர்கால மாதங்களில் பெட்டைப் பூனைகள் பெரும்பாலும் அடங்கியிருக்கும். சென்னையில் அந்த வித்தியாசம் ஒன்றரை மணி நேரம்தான். மார்கழியிலும் பகல் 11 மணி நேரத்துக்குக் குறைவதில்லை. போதாக்குறைக்கு நடு இரவு வரை எரியும் டியூப்லைட் வேறு. குளிர்நாட்டில் இலையுதிர் காலத்தில் பிறந்த குட்டிக்கு இயற்கையே சில மாத அவகாசம் கொடுக்கும். மதுரையில் பிறந்த குட்டிக்கு அப்படி எதையும் நம்பியிருக்க முடியாது. பொதுவாகப் பெட்டைகள் 5 முதல் 9 மாதத்துக்குள் பருவத்துக்கு வரும். 4 மாதத்திலேயே வந்துவிடுபவையும் உண்டு. சயாமீஸ் போன்ற இனங்கள் சீக்கிரம் வரும். பெர்சியன் போன்ற நீள்முடி இனங்களுக்கு ஒரு வருடம்கூட ஆகலாம். நாட்டுப் பூனை வளர்ப்பவர் பெர்சியன் வளர்ப்பவரின் கணக்கை நம்பினால் ஏமாறுவார்.

நாயை வைத்துப் பூனையைக் கணிப்பது இன்னொரு பிழை. பெண் நாய் வருடத்துக்கு ஒன்றிரண்டு முறை பருவத்துக்கு வரும், இரத்தப்போக்கு இருக்கும், வீட்டாருக்குத் தெரிந்துவிடும். பூனைக்கு இரத்தப்போக்கு கிடையாது. பருவம் ஏறத்தாழ ஒரு வாரம் நீடிக்கும். இணை சேராவிட்டால் அடங்கி, இரண்டு மூன்று வாரத்தில் திரும்ப வந்துவிடும். அடங்கியது, திரும்பியது, மறுபடி அடங்கியது என்று மாதக்கணக்கில் இது ஓடும். “ஒரு ஹீட் போகட்டும்” என்று காத்திருப்பவர் மூச்சு விடுவதற்குள் அடுத்தது வாசலில் நிற்கும். அதைவிட முக்கியமானது பூனையின் கருமுட்டை வெளிவரும் விதம். பல விலங்குகளில் கருமுட்டை தன் போக்கில், குறித்த நாளில் வெளிவரும். பூனையில் பெரும்பாலும் இணை சேர்ந்த தூண்டுதலால்தான் வரும். கடுவனின் உறுப்பில் உள்ள சிறு முட்கள் அந்தத் தூண்டுதலைத் தருகின்றன. ஒன்றிரண்டு நாளில் கருமுட்டைகள் வெளிவந்துவிடும். நாள் பார்த்துத் தப்புவது என்ற பேச்சுக்கே இங்கு இடமில்லை. கடுவன் எப்போது கிடைக்கிறதோ அப்போதுதான் நல்ல நாள். ஒரே பருவத்தில் பல கடுவன்களோடு சேரும் பெட்டை ஒரே ஈற்றில் வெவ்வேறு தகப்பன்களின் குட்டிகளை ஈனவும் கூடும். கூடப் பிறந்த ஆண் குட்டி வீட்டிலேயே இருந்தால் வெளியிலிருந்து யாரும் வரவே வேண்டாம். அண்ணன் தங்கை என்ற கணக்கெல்லாம் மனிதர்களுடையது.

முதல் பருவத்தைக் கண்டு பயந்துபோய்க் குட்டியை மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு ஓடுபவர்கள் அதிகம். குட்டி தரையில் புரளும். அடித்தொண்டையிலிருந்து இழுத்து இழுத்துக் கத்தும். முன்னங்காலை மடக்கி, பின்பக்கத்தைத் தூக்கி, வாலை ஒரு பக்கமாக ஒதுக்கிக்கொண்டு பின்னங்கால்களால் மிதித்துக்கொண்டே நிற்கும். முதுகை வருடினால் இது இன்னும் கூடும். இடுப்பு உடைந்துவிட்டதோ, வயிற்று வலியோ என்று தோன்றுவது இயல்புதான். கால்களில், நாற்காலிக் கால்களில் விடாமல் உரசும், சாப்பாடு குறையும், சில பெட்டைகள் சுவரில் சிறுநீர் பீய்ச்சும். இவை நோய் அல்ல. ஆனால் எல்லாவற்றையும் பருவத்தின் தலையில் கட்டிவிடவும் கூடாது. மணல் தட்டில் அடிக்கடி உட்கார்ந்து சொட்டுச் சொட்டாகப் போவது, பிறப்புறுப்பிலிருந்து நாற்றமுள்ள கசிவு, காய்ச்சல், ஒரு நாளுக்கு மேல் எதையும் தொடாமல் சுருண்டு கிடப்பது ஆகியவை பருவத்தின் அறிகுறிகள் அல்ல. அவற்றுக்கு மருத்துவர் வேண்டும், அன்றைக்கே வேண்டும்.

முதல் பருவத்துக்கு முன் என்று வலியுறுத்துவதற்கு இருக்கும் மிக வலுவான சான்று புற்றுநோயிலிருந்து வருகிறது. பூனையின் பால் சுரப்பிகளில் வரும் கட்டிகளில் பத்துக்கு எட்டு, ஒன்பது கொடிய வகையைச் சேர்ந்தவை, வேகமாகப் பரவுபவை. நாயில் இந்த விகிதம் பாதியளவுதான். அமெரிக்காவில் 300க்கு மேற்பட்ட பூனைகளை ஒப்பிட்டு 2005இல் வெளியான ஓர் ஆய்வு, 6 மாதத்துக்கு முன் கருத்தடை செய்யப்பட்ட பெட்டைகளுக்கு இந்தப் புற்றுநோய் வரும் வாய்ப்பு 91 சதவீதம் குறைவு என்று கண்டது. 6 மாதத்துக்கும் ஒரு வருடத்துக்கும் இடையில் செய்தவற்றுக்கு 86 சதவீதம். ஒரு வருடத்தைத் தாண்டி இரண்டாம் வருடத்தில் செய்தால் அந்தப் பாதுகாப்பு 11 சதவீதமாகச் சரிந்துவிடுகிறது. இரண்டு வயதுக்குப் பின் எதுவுமே மிஞ்சவில்லை. ஒரே ஆய்வின் எண்களை வேதமாகக் கொள்ள வேண்டியதில்லை. 91க்கும் 86க்கும் உள்ள வித்தியாசத்தை வைத்துக்கொண்டு வாதிடுவதும் சரியாகாது. முதல் வருடத்தோடு பாதுகாப்பின் பெரும்பங்கு முடிந்துபோகிறது என்ற திசைதான் முக்கியம். “ஒரு ஈற்று போடட்டும்” என்பவர் முதல் சினைக்கு 2 மாதம், பாலூட்ட 2 மாதம், பிறகு உடம்பு தேறட்டும் என்று ஒன்றிரண்டு மாதம் என்று கூட்டிப் பார்த்தால், அந்த ஒரு வருடம் அநேகமாக முடிந்திருக்கும். கருப்பையில் சீழ் கட்டும் நோயும் இப்படித்தான். கருப்பை உள்ள பெட்டைக்குத்தான் அது வரும். வந்தபின் அதே அறுவையை நோயுற்ற உடம்பில், அவசரத்தில், பல மடங்கு ஆபத்தோடு செய்ய வேண்டியிருக்கும்.

தாய்மையைப் பறிப்பது பாவம் என்ற மறுப்பை எளிதில் ஒதுக்க முடியாது. அதைச் சொல்பவர்கள் பூனையை வீட்டுப் பெண்ணாக நினைத்துச் சொல்கிறார்கள். ஆனால் பூனை குட்டிக்காக ஏங்கித் திட்டமிடும் பிராணி அல்ல. பருவத்தில் அதை ஆட்டுவிப்பது ஹார்மோன். சினைப்பைகள் போனால் அந்த அலைச்சலும் போய்விடுகிறது. இல்லாத ஒன்றுக்காக அது துயரப்படுகிறது என்பதற்கு அதன் நடத்தையில் அடையாளம் எதுவும் இல்லை. தாய்மை தரும் துயரங்களோ கண்ணெதிரே இருக்கின்றன. 5, 6 மாதத்தில் சினையாகும் பெட்டை இன்னும் தானே வளர்ந்துகொண்டிருக்கும் குட்டி. 63 முதல் 65 நாள் சினையைத் தாங்கி அது ஈனும்போது ஒரு வயதுகூட நிறைந்திருக்காது. பால் கொடுத்துக்கொண்டிருக்கும்போதே, ஈன்ற சில வாரங்களில், மறுபடி சினையாகிவிடவும் கூடும். பிறந்த குட்டிகளின் கதை அதைவிடக் கடினம். அமெரிக்காவின் வட கரோலினாவில் வீடற்ற பூனைகளின் 169 குட்டிகளைக் கண்காணித்த ஆய்வில் 127 குட்டிகள் 6 மாதம் நிறைவதற்குள் இறந்துபோயின அல்லது காணாமல்போயின. நாய், வாகனம் போன்றவற்றால் ஏற்பட்ட காயங்களே சாவுகளுக்குப் பெரிய காரணம். நம் தெருக்கள் அதைவிடக் கருணையானவை என்று நம்ப எந்தக் காரணமும் இல்லை. “யாருக்காவது கொடுத்துவிடலாம்” என்று தொடங்கி, கேட்டவர்கள் எல்லாம் ஆண் குட்டியை மட்டும் எடுத்துக்கொண்டு போன பின், மிஞ்சியவை மீன் மார்க்கெட்டுக்கோ கோயில் வாசலுக்கோ அட்டைப் பெட்டியில் போவதை எல்லா ஊர்க்காரர்களும் அறிவார்கள். ஒரு ஜோடிப் பூனை 7 வருடத்தில் 4 லட்சமாகப் பெருகும் என்று பிரசாரச் சுவரொட்டிகளில் வரும் கணக்கை நான் ஏற்பதில்லை. பிறக்கும் குட்டிகள் எல்லாமே பிழைத்து ஈனும் என்று வைத்துப் போட்ட கணக்கு அது. எண்ணிக்கையை அப்படிப் பெருகவிடாமல் நிறுத்துவது குட்டிகளின் சாவுதான் என்பதைச் சுவரொட்டி சொல்வதில்லை.

இத்தனை சின்னக் குட்டியை மயக்க மருந்து கொடுத்துக் கிழிப்பதா என்பது நியாயமான பயம். பிரிட்டனில் பல ஆயிரக்கணக்கான பூனைகளின் மயக்க மருந்துப் பதிவுகளைத் தொகுத்த பெரிய ஆய்வு, நோயற்ற பூனைகளில் ஏறத்தாழ 900க்கு ஒன்று இறப்பதாகக் கண்டது. பூஜ்யம் அல்ல, நம் ஊரில் வசதி குறைந்த இடங்களில் இது கூடலாம். ஆகவே ஆபத்தே இல்லை என்று சொல்லும் மருத்துவரைவிட, ஆபத்தை எப்படிக் குறைக்கிறோம் என்று சொல்பவரைத் தேடுவது நல்லது. ஆனால் வயது இதில் குட்டிக்குச் சாதகமாகவே வேலை செய்கிறது. இளம் குட்டிக்கு வயிற்றில் கொழுப்பு குறைவு, இரத்தக் குழாய்கள் மெல்லியவை, அறுவை சீக்கிரம் முடிகிறது, எழுந்து நடமாடுவதும் சீக்கிரம். வளர்ச்சி தடைபடும் என்ற பேச்சும் தலைகீழானது. எலும்பின் வளர்முனைகள் மூடுவது சற்றுத் தாமதமாவதால் இந்தப் பூனைகள் குட்டையாவதில்லை. அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தார் காப்பகங்களிலிருந்து தத்துப்போன 1,660 பூனைகளைப் பின்தொடர்ந்து 2004இல் வெளியிட்ட முடிவில், ஐந்தரை மாதத்துக்கு முன் அறுவை செய்யப்பட்டவற்றுக்கு உடல்நலத்தில் குறிப்பிடும்படியான கேடு தெரியவில்லை. வேற்றாளைக் கண்டால் ஒளியும் கூச்சம் மட்டும் அவற்றில் சற்றுக் கூடுதலாக இருந்தது. இதை மறைக்க வேண்டியதில்லை. கூச்சமுள்ள பூனையோடு வாழலாம். பால் சுரப்பிப் புற்றோடு பூனை அதிக காலம் வாழாது.

ஆபரேஷன் வேண்டாம், ஊசி போட்டுக்கொள்கிறோம், மாத்திரை கொடுக்கிறோம் என்பவர்களுக்கு ஒரு வார்த்தை. பருவத்தைத் தள்ளிப்போடும் இந்த மருந்துகள் பெரும்பாலும் புரோஜெஸ்டிரோன் வகையைச் சேர்ந்தவை. பால் சுரப்பிகள் திடீரென வீங்கிப் புண்ணாவது, கருப்பையில் சீழ், சர்க்கரை நோய், புற்றுநோய் என்று, எதைத் தவிர்க்க அறுவை செய்கிறோமோ அதையே இவை கூப்பிட்டு வருகின்றன. மருத்துவர் சொல்லாமல் மருந்துக் கடையில் மனிதருக்கான கருத்தடை மாத்திரையை வாங்கிப் பொடித்துப் போடுவதைப் பற்றிப் பேசவே வேண்டாம். ஆண் பூனைக்குச் செய்தால் போதாதா என்ற கேள்விக்கும் பதில் சுருக்கமானதே. தெருவில் 10 கடுவன்களில் 9க்குச் செய்தாலும் மிச்சமுள்ள ஒன்று எல்லாப் பெட்டைகளையும் சினையாக்கிவிடும்.

இனி, பருவம் ஏற்கெனவே வந்துவிட்ட வீட்டைப் பார்ப்போம். அங்கே முதல் வேலை கதவு. பருவத்திலுள்ள பெட்டை சாதாரண நாளில் கண்டுகொள்ளாத வெண்டிலேட்டர் வழியாகவும், கிரில் கம்பி இடுக்கு வழியாகவும், மாடி விளிம்பிலிருந்தும் தாவப் பார்க்கும். பால்கனிக்கு வலை இல்லையென்றால் அந்த ஒரு வாரம் பால்கனியே வேண்டாம். ஜன்னலில் கொசுவலை மட்டும் இருந்தால் அதைக் கிழித்துக்கொண்டு கடுவன் உள்ளே வரும். இரவில் ஓர் அறைக்குள் மணல் தட்டு, தண்ணீர், ஏறி ஒளிந்துகொள்ள ஓர் அட்டைப் பெட்டி ஆகியவற்றோடு வைத்து, படுக்கும் முன் கால் மணி நேரம் ஓடவிட்டு விளையாட்டுக் காட்டினால் கத்தல் முழுக்க நிற்காது, குறையும். மணல் தட்டை அன்றாடம் சுத்தம் செய்தால் வெளியில் நிற்கும் கடுவன்களுக்குச் சேதி போவதும் குறையும். அடிப்பதாலோ தண்ணீர் தெளிப்பதாலோ ஹார்மோன் கேட்கப்போவதில்லை, பயம்தான் மிஞ்சும். பஞ்சுக் குச்சியால் தூண்டிப் பருவத்தை முடித்துவிடலாம் என்று சிலர் கேள்விப்பட்டிருப்பார்கள். அது மருத்துவர் செய்யும் வேலை. அதிலும் பொய்ச் சினைக்கும், கருப்பைச் சீழுக்கும் வழி இருக்கிறது. வீட்டில் செய்யக் கூடாது.

பருவத்தின் நடுவிலேயே அறுவை செய்யலாமா என்பதில் மருத்துவர்கள் இரண்டு வகை. அந்நேரத்தில் கருப்பைக்கு இரத்த ஓட்டம் கூடியிருக்கும், திசு மென்மையாகியிருக்கும், இரத்தக்கசிவு சற்று அதிகமாகும் என்பது உண்மை. நாயைவிடப் பூனையில் இந்தச் சிக்கல் குறைவு. கைப்பழக்கமுள்ள மருத்துவர்கள் பலர் தயங்காமல் செய்கிறார்கள். ஒன்றிரண்டு வாரம் காத்திருக்கலாம் என்று உங்கள் மருத்துவர் சொன்னால் அதையும் ஏற்கலாம், ஒரு நிபந்தனையோடு. பருவம் தொடங்கிய நாளைக் காலண்டரில் குறித்து, அடங்கியவுடன் வரும் வாரத்துக்கு அறுவைத் தேதியை அன்றைக்கே வாங்கிவிட வேண்டும். “அடங்கினதும் பார்க்கலாம்” என்று விட்டால், அடங்கிய நிம்மதியில் மறந்துபோய், அடுத்த பருவத்தின் கத்தலில்தான் ஞாபகம் வரும். தப்பிப்போய் இணை சேர்ந்துவிட்டது என்று தெரிந்தாலும் மறைக்காமல் மருத்துவரிடம் சொல்ல வேண்டும். சினையின் தொடக்கத்தில் அறுவை செய்ய முடியும், முடிவு தாமதமாகத் தாமதமாகத்தான் சிக்கல் கூடும்.

அறுவை நாளைப் பொறுத்தவரை நம் வீடுகளில் நடக்கும் பிழைகள் சிலவே, ஆனால் பெரியவை. முந்தின இரவிலிருந்து முழுப் பட்டினி போடுவது வளர்ந்த பூனைக்குக்கூடத் தேவைக்கு அதிகம். 4, 5 மாதக் குட்டிக்கு அதனால் சர்க்கரை அளவு இறங்கி ஆபத்தாகும். எத்தனை மணி நேரம் என்று மருத்துவரிடம் கேட்டு அதற்கு மேல் போகாமலிருக்க வேண்டும். மேலே சொன்ன பிரிட்டன் ஆய்வில், இறந்த பூனைகளில் பாதிக்கு மேல் அறுவை முடிந்த பின்புதான் இறந்தன. அவற்றிலும் பெரும்பாலானவை முதல் 3 மணி நேரத்துக்குள். எனவே குட்டி மயக்கத்தில் தொங்கிக்கொண்டிருக்கும்போதே கூடையில் வாங்கிக்கொண்டு ஆட்டோ பிடிப்பதைவிட, அது விழித்துத் தலை தூக்கும்வரை மருத்துவமனையில் வைத்திருக்கச் சொல்வது நல்லது. வீட்டில் மின்விசிறிக்கு நேர் கீழே போடாமல் துணி விரித்துக் கதகதப்பாக வைக்க வேண்டும். வலிக்கிறதே என்று பாராசிட்டமால் மாத்திரையில் ஒரு துண்டைக் கிள்ளிக் கொடுப்பது குட்டியைக் கொல்லும். அந்த மருந்தை உடைத்து வெளியேற்றும் நொதி பூனையின் ஈரலில் போதுமான அளவு கிடையாது. தையலின் மேல் டெட்டால், மஞ்சள் எதுவும் வேண்டாம். குட்டி எல்லாவற்றையும் நக்கும், டெட்டாலில் உள்ள மருந்தும் அதற்கு விஷம். 10 முதல் 14 நாள் கூம்பு காலரோ துணிச் சட்டையோ போட்டு, குளிப்பாட்டாமல், பீரோ மேல் தாவவிடாமல் வைத்திருந்தால் போதும். தையல் இடம் பிரிந்தாலோ, தொடர்ந்து கசிந்தாலோ, மறுநாளும் சாப்பிடாமல் சுருண்டே கிடந்தாலோ உடனே தூக்கிக்கொண்டு போக வேண்டும்.

ஆபரேஷன் செய்த பூனை சோம்பிப்போகும், எலி பிடிக்காது என்ற கடைசி மறுப்பில் பாதி உண்மை இருக்கிறது. வேட்டைக் குணத்துக்கும் சினைப்பைக்கும் தொடர்பில்லை. எலி பிடிக்கும் பெட்டை அறுவைக்குப் பின்னும் பிடிக்கும், பருவ அலைச்சல் இல்லாததால் வீட்டைச் சுற்றியே நிற்கும். எடை கூடுவதுதான் உண்மைப் பகுதி. சினைப்பைகள் போனபின் உடம்புக்கு வேண்டிய சக்தி குறைகிறது, பசியோ கூடுகிறது. இந்த இரண்டும் அறுவை முடிந்த சில நாட்களிலேயே தொடங்கிவிடுவதால், வயிறு தொங்கிய பிறகு அளவைக் குறைப்பதைவிட முதல் மாதத்திலேயே கவனம் வைப்பது சுலபம். பாக்கெட் தீனியைத் தட்டு நிறையக் கொட்டிவைத்துவிட்டு வேலைக்குப் போகும் வழக்கத்தை விட்டு, நாளுக்கான அளவை எடை போட்டு இரண்டு மூன்று வேளையாகப் பிரித்துக் கொடுக்க வேண்டும். வளரும் குட்டி என்பதால் திடீரென்று பாதியாக்கவும் கூடாது. மாதத்துக்கு ஒருமுறை எடை பார்த்து, விலா எலும்பு விரலுக்குத் தட்டுப்படுகிறதா என்று தடவிப் பார்த்து, அதற்கேற்பக் கூட்டிக் குறைத்துக்கொண்டால் சரியாக இருக்கும்.